தினம் 300 ரூபாய், 26 நாடுகள்: கொச்சி டீக்கடைக்காரர் விஜயன் – ஒரு நிகழ்வு ஆய்வு

2021 நவம்பர் 19, வெள்ளிக்கிழமை. கொச்சியில் டீக்கடை நடத்திவந்த கே.ஆர். விஜயன் மாரடைப்பால் காலமானார். வயது 71. மனைவி மோகனாவோடு 26 நாடுகளைப் பார்த்துவிட்டு வந்தவர் என்பதால் இந்தியா முழுக்க அது செய்தியானது. வந்த செய்திகளின் சாரம் ஏறக்குறைய ஒன்றுதான்: டீ விற்றே உலகம் சுற்றியவர் மறைந்தார், ஆசை இருந்தால் போதும், பணம் ஒரு தடையே இல்லை.

இதில் பின்பாதியோடு எனக்கு உடன்பாடு கிடையாது. பணம் தடையாகத்தான் இருந்தது, கடைசிவரை. அந்தத் தடையை ஒரு சின்னக் கடையின் கல்லாவை வைத்துக்கொண்டு எப்படித் தாண்டினார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. விஜயனைப் பயணி என்று மட்டும் நினைவில் வைத்தால் அவர் வாழ்நாளின் பெரும்பகுதி விடுபட்டுப் போகும். 26 நாடுகளில் கழித்த நாள்களையெல்லாம் கூட்டினாலும், அடுப்பு முன்னால் நின்ற நாள்களின் பக்கத்தில் அது மிகச் சிறிய எண். அதனால் இந்த ஆய்வை விமான நிலையத்தில் தொடங்காமல் கடையில் தொடங்குகிறேன்.

கடையும் இரண்டு பேரும்

கடையின் பெயர் ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ். எர்ணாகுளம் காந்தி நகரில் சலீம் ராஜன் சாலையில் இருக்கிறது. சின்ன இடம். டீ, காபி, கூடவே கடிக்க ஏதாவது. சுவரில் இவர்கள் போய்வந்த ஊர்களின் படங்கள். நாளொன்றுக்கு 300 முதல் 350 பேர் வரை வந்து போவார்கள் என்று செய்திகள் சொல்லின. வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளவில்லை. விஜயனும் மோகனாவும்தான் எல்லாம்.

300 பேர் என்பதை டீக்கடைக் கணக்கில் யோசித்துப் பார்க்க வேண்டும். ஒரு கிளாஸுக்கு ஒரு நிமிடம் என்று மிகக் குறைவாக வைத்தாலும், டீ போடுவதற்கே ஐந்து மணி நேரம் ஆகிவிடும். துணி வடிகட்டியில் டிகாக்‌ஷன் இறக்கி, பாலும் சர்க்கரையும் கலந்து, ஆற்றி, நுரை அடங்குவதற்குள் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்த கிளாஸ் திரும்பி வரும், கழுவ வேண்டும். சில்லறை கொடுக்க வேண்டும். பால் எந்த நேரத்தில் தீரும் என்று கண் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கடையைத் திறப்பதற்கு முன் ஒரு மணி நேரமும் மூடிய பின் ஒரு மணி நேரமும் யார் கணக்கிலும் வராத வேலை. இதை ஒருவரால் செய்ய முடியாது. இரண்டு பேர் இருந்தால், அதுவும் ஒருவர் கை எங்கே போகிறது என்று மற்றவருக்குச் சொல்லாமலே தெரிந்தால், முடியும்.

ஆள் வைக்காததைக் கஞ்சத்தனம் என்று யாராவது நினைத்தால் கேரளத்துக் கூலியைப் பார்க்க வேண்டும். ரிசர்வ் வங்கி ஆண்டுதோறும் வெளியிடும் மாநிலங்கள் பற்றிய புள்ளிவிவரக் கையேட்டின்படி, 2021-22இல் கேரளக் கிராமப்புறத்தில் விவசாயம் சாராத தொழிலாளியின் சராசரி நாள்கூலி 680 ரூபாய்க்கு மேல். நாட்டிலேயே உயர்ந்த கூலி மாநிலங்களில் அது முன்வரிசை. உழைப்பவருக்கு அது நல்லதுதான், நியாயமும்கூட. ஆனால் பத்துப் பன்னிரண்டு ரூபாய்க்கு டீ விற்கும் கடையில் ஒரு டீ மாஸ்டருக்கோ கிளாஸ் கழுவும் ஆளுக்கோ அந்தக் கூலியைக் கொடுத்தால் மிச்சம் என்று ஒன்று இருக்காது. விஜயனும் மோகனாவும் பயணத்துக்காக ஒரு நாளில் எடுத்துவைத்தது 300 ரூபாய். ஓர் ஆளின் கூலியில் பாதிகூட இல்லை. அவர்களுடைய பயணச் செலவு முழுக்க, வெளி ஆளுக்குப் போகாமல் வீட்டில் தங்கிய கூலிதான் என்று சொன்னால் தவறாகாது.

அந்த 300ஐ இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். 300 பேர் வந்தால், ஆளுக்கு ஒரு ரூபாய். ஒரு டீயில் ஒரு ரூபாய் உலகத்துக்கு, மற்றதெல்லாம் பாலுக்கும் டீத்தூளுக்கும் கேஸுக்கும் வாடகைக்கும் வீட்டுக்கும். நாள் தவறாமல் அந்த ஒரு ரூபாயைத் தொடாமல் வைத்திருந்தார்கள். கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், கல்லாப்பெட்டியில் கிடக்கும் பணத்தைத் தொடாமல் இருப்பது எவ்வளவு சிரமம் என்று. யாராவது வந்து கேட்பார்கள், வீட்டில் ஒரு செலவு வரும், பால்காரருக்கு முந்தைய வாரப் பாக்கி இருக்கும்.

கடன் வாங்கிப் போனது சரியா?

2007இல் முதல் வெளிநாட்டுப் பயணம். அப்போது விஜயனுக்கு 57 வயதை ஒட்டி இருக்கும். அதற்குப் பிறகு பேட்டிகளில் அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன முறை இதுதான்: சேமிப்பு கொஞ்சம், குறைவதற்குக் கடன், போய்விட்டு வந்து மூன்று ஆண்டு போலக் கடை நடத்திக் கடனை அடைப்பது, அடைத்ததும் அடுத்த பயணத்துக்கு மறுபடி கடன்.

சுற்றுலாவுக்குக் கடன் வாங்காதே என்பது நிதி ஆலோசகர்கள் எல்லோரும் சொல்வது. நானும் பொதுவாக அதைத்தான் சொல்வேன். வீட்டுக்கடனுக்கு வீடு மிஞ்சும், தொழில் கடனுக்கு வருமானம் வரும், பயணக் கடனுக்கு எதுவும் மிஞ்சாது என்பது அவர்களின் வாதம். விஜயன் விஷயத்தில் இந்த விதி பொருந்தாது என்று நினைக்கிறேன். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். இது அவர்கள் வீட்டுக் கணக்கு இல்லை, 300 ரூபாயை வைத்து நான் போட்டுப் பார்த்தது.

நாளுக்கு 300 என்றால் மாதம் 9,000. மூன்று ஆண்டு சேர்த்தால் 3,24,000. இது முதலில் சேமித்து அப்புறம் போகும் வழி. இரண்டாவது வழி, முதலிலேயே கடன் வாங்கிவிடுவது. ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, 36 மாதத் தவணை என்று வைத்துக்கொண்டால், மாதம் 9,000 ரூபாய்த் தவணைக்கு ஏறக்குறைய 2,71,000 கிடைக்கும். கட்டி முடிக்கும்போது வட்டியாகப் போயிருப்பது 53,000 சொச்சம். ஆக, அதே 300 ரூபாய்தான், அதே மூன்று ஆண்டுதான். 57 வயதில் போகலாமா, 60இல் போகலாமா என்பது மட்டுமே வித்தியாசம். அந்த மூன்று ஆண்டை முன்னால் கொண்டுவர இரண்டு பேருக்குமாகச் சேர்த்து 53,000 ரூபாய் விலை.

இருபத்தைந்து வயதுக்காரருக்கு அந்த விலை அதிகம். அவர் காத்திருக்கலாம். ஐம்பதைத் தாண்டிய, நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் ஒருவருக்கு அப்படி இல்லை. முழங்கால் இன்னும் எத்தனை நாள் சொன்னபடி கேட்கும் என்று யாருக்குத் தெரியும்?

இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் முக்கியம் என்று படுகிறது. சம்பளக்காரர்கள் பலர் "ரிட்டயர் ஆனதும் போகலாம்" என்று ஒரு தேதியைக் குறித்து வைத்திருப்பார்கள். 58 அல்லது 60 வந்ததும் வேலை தானாக நின்றுவிடும், கையில் ஒரு தொகை வரும், மாதாமாதம் ஓய்வூதியமோ வட்டியோ வரும். டீக்கடைக்காரருக்கு அப்படி ஒரு தேதியே கிடையாது. யாரும் வந்து சால்வை போர்த்தி அனுப்ப மாட்டார்கள். கடை திறந்தால் அன்றைக்கு வருமானம், திறக்காவிட்டால் இல்லை. 2019 செப்டம்பரில் ஒன்றிய அரசு சிறு வணிகர்களுக்காக ஓர் ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்தது. 60 வயதுக்குப் பிறகு மாதம் 3,000 ரூபாய். நல்ல திட்டம்தான். ஆனால் சேரும் வயது 18 முதல் 40 வரை. விஜயனின் தலைமுறைக் கடைக்காரர்களுக்கு அது எட்டாத இடத்தில் இருந்தது. ஓய்வுக்குப் பிறகு என்று ஒரு காலம் வராது என்று தெரிந்த மனிதர், வேலைக்கு நடுவிலேயே தனக்கான ஓய்வை வெட்டி எடுத்துக்கொண்டார். அதற்கு அவர் கொடுத்த விலைதான் வட்டி.

கடனுக்கு வேறொரு குணமும் உண்டு. சேமிப்பை இந்த மாதம் விட்டுவிட்டு அடுத்த மாதம் சேர்த்துப் போடலாம் என்று மனம் சொல்லும்; அடுத்த மாதம் வராது. தவணை அப்படி விடாது. தேதி வந்தால் கட்டியாக வேண்டும். நாள்வரும்படியில் வாழும் குடும்பங்களில் பெரிய காரியங்கள், பெண் கல்யாணமோ வீடு கட்டுவதோ, பெரும்பாலும் கடன் வாங்கி அடைத்துத்தான் நடக்கின்றன. இவர்கள் அதே பழக்கத்தைப் பயணத்துக்குப் பயன்படுத்தினார்கள். முந்தைய கடனை அடைக்காமல் அடுத்ததற்குப் போனதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கடன் வாங்கியவர் என்று சொல்லும்போதே கடனை அடைத்தவர் என்றும் சொல்லாவிட்டால் அது பாதி உண்மை.

26 நாடு என்றதும் 26 முறை விமானம் ஏறினார்கள் என்று சிலர் எண்ணிக்கொண்டு, டீக்கடையில் இவ்வளவு பணமா என்று கேட்டதும் உண்டு. குழுச் சுற்றுலாக்களில் அருகருகே உள்ள நாடுகளை ஒரே சுற்றில் காட்டிவிடுவார்கள். எகிப்து, ஐக்கிய அரபு அமீரகம், பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரியா, அமெரிக்கா, பிரேசில், பெரு, அர்ஜென்டினா என்று பட்டியல் நீளமாக இருந்தாலும், 14 ஆண்டுகளில் பரப்பிப் பார்த்தால் அந்த 300 ரூபாய்க் கணக்கோடு பொருந்திப் போகிறது. மிகைப்படுத்தல் எதுவும் இல்லை.

விசா விஷயத்தையும் ஒரு வரி சொல்லிவிடலாம். சம்பளச் சீட்டு இல்லாதவருக்குத் தூதரகங்கள் வருமான வரிக் கணக்கும் வங்கிக் கணக்கின் வரவு செலவும் கேட்கும். திரும்பி வருவார் என்பதற்கு ஆதாரம் தேடும். ரொக்கத்தில் ஓடும் டீக்கடைக்கு இந்தக் காகிதங்களைச் சேர்ப்பது எளிதல்ல. அமெரிக்கா வரை விசா வாங்கிய ஒரு கடை, தன் கணக்கு வழக்கை எவ்வளவு ஒழுங்காக வைத்திருக்க வேண்டும்! இந்தப் பக்கத்தை யாரும் எழுதவில்லை.

கடையை மூடினால் என்ன ஆகும்?

வணிகமாகப் பார்த்தால் இந்த நிகழ்வில் கடினமான இடம் இதுதான். டீக்கடை என்பது பழக்கத்தில் ஓடும் தொழில். வேலைக்குப் போகிற வழியில் ஓர் இடத்தில் நின்று பழகியவர், ஒரு வாரம் அது மூடியிருந்தால் பக்கத்துக் கடைக்குப் போவார். அங்கே டீ மோசமில்லை என்றால் அங்கேயே தங்கிவிடுவார். அதனால்தான் டீக்கடைக்காரர்கள் பலர் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குக்கூட மதியம் போய் சாயங்காலம் திரும்பிவிடுகிறார்கள்.

இவர்கள் நாள்கணக்கில் மூடிவிட்டுப் போனார்கள், மாற்று ஆள் இல்லாமல். திரும்பி வந்தபோது வாடிக்கையாளர்களும் வந்தார்கள். எப்படி? எனக்குத் தெரிந்தவரை இரண்டு காரணங்கள். போவது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும்; சுவரில் இருந்த படங்களே அடுத்த பயணத்தைப் பற்றிய பேச்சைத் தொடங்கிவைக்கும். அடுத்தது, போய்விட்டு வந்தவரிடம் கேட்க ஏதாவது இருக்கும். அங்கே குளிர் எப்படி, சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள், டீ கிடைக்குமா என்று. டீக்கடையில் மனிதர்கள் டீக்காக வருவதுபோலவே பேச்சுக்காகவும் வருகிறார்கள். பத்திரிகை, அரசியல், மழை என்று ஓடும் பேச்சில் இந்தக் கடைக்கு மட்டும் பெரு நாடும் இருந்தது. பயணம் கடையைக் கெடுக்கவில்லை. மாறாக, கடைக்கு ஒரு முகத்தைக் கொடுத்தது.

ஆனால் இதை வியாபார உத்தி என்று சொல்ல மனம் வரவில்லை. 2007இல் அவர்கள் கிளம்பியபோது காணொளி எடுக்க யாரும் இல்லை. கடைக்கு விளம்பரம் கிடைக்கும் என்று நினைத்து 57 வயதில் யாரும் கடன் வாங்க மாட்டார்கள்.

குடும்பஸ்தர்

சிறுவயதில் அப்பா கூட்டிப்போன பயணங்களில் தொடங்கிய ஆசை இது என்று விஜயன் சொல்லியிருக்கிறார். அப்பா இறந்த பிறகு குடும்பப் பொறுப்பு தலையில் விழ, ஆசை நீண்ட நாள் காத்திருந்தது. கல்யாணம், மகள்கள், அவர்களுக்கான கடமைகள் எல்லாம் முடிந்த வயதில்தான் வெளிநாடு. வரிசை மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டைப் பட்டினி போட்டுவிட்டு ஊர் சுற்றியவர் என்று இவரை யாராலும் சொல்ல முடியாது.

அதைவிட முக்கியம், தனியாகப் போகவில்லை. தனியாகப் போயிருந்தால் செலவு பாதி. மூன்று ஆண்டுத் தவணை ஒன்றரை ஆண்டில் முடிந்திருக்கும். கடையைக்கூட ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கலாம், மூட வேண்டியதே இல்லை. பணக் கணக்கு மட்டும் பார்த்தால் அதுதான் லாபம். நம் ஊர்ப்பக்கம் எத்தனையோ வீடுகளில் நடப்பதும் அதுதான்: அவர் போவார், அம்மா கடையைப் பார்த்துக்கொள்வார். ஒவ்வொரு முறையும் இரட்டைச் செலவு, மூடிய கடை என்ற நஷ்டமான வழியையே விஜயன் தேர்ந்தெடுத்தார். நாற்பது ஆண்டுக்கும் மேலாகக் கூடவே நின்று கிளாஸ் கழுவியவர் ஈட்டிய பணம் அது, அவருக்கும் சேர்த்துத்தான் அந்த உலகம் என்பது அவருக்கு விளக்கத் தேவையில்லாத விஷயமாக இருந்திருக்க வேண்டும். குடும்பஸ்தர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் பார்த்ததில்லை.

புகழ் வந்தபோது

குறும்படம் ஒன்று வந்தது, விருது வாங்கியது. வெளிநாட்டுப் பயணப் பதிவர்கள் கடைக்கு வந்து படம் பிடித்தார்கள். 2019 தொடக்கத்தில் தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா இவர்களைப் பற்றி எழுதினார். ஃபோர்ப்ஸ் பணக்காரர் பட்டியலில் இவர்கள் இல்லாவிட்டாலும் நாட்டின் பெரும் செல்வந்தர்களில் இவர்களும் உண்டு என்கிற பொருளில். அதே ஆண்டு ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் பயணச் செலவை அவர் ஏற்றுக்கொண்டார்.

இந்த இடத்தில் கதை வேறு பக்கம் திரும்பியிருக்கலாம். இவ்வளவு பேர் தெரிந்த பிறகு கடையைப் பெரிதாக்கலாம், கிளை திறக்கலாம், பெயரை யாருக்காவது கொடுத்துப் பணம் வாங்கலாம். கடை அதே சாலையில், அதே அளவில் நடந்தது. அது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் பெரிதாக்கினால் ஆள் வைக்க வேண்டும், ஆள் வைத்தால் அந்த 300 ரூபாய்க் கணக்கே மாறிவிடும் என்பது மட்டும் தெரிகிறது. தங்களுக்கு எது ஓடும் என்று தெரிந்த அளவிலேயே நின்றார்கள்.

2020 மார்ச் 25இல் நாடு முழுக்க ஊரடங்கு வந்தது. 2021 மே மாதம் கேரளத்தில் மறுபடி ஊரடங்கு. நின்று டீ குடிக்கும் கடைகளுக்கு அது எப்படிப்பட்ட காலம் என்று சொல்ல வேண்டியதில்லை. பயணமும் நின்றது. இரண்டு பேரின் உடம்பை மட்டுமே மூலதனமாக வைத்திருக்கும் தொழிலின் பலவீனம் இதுபோன்ற நாள்களில்தான் வெளியே தெரியும். கடன் வாங்கிப் போகும் முறையிலும் இதே ஆபத்து உண்டு. இருவரில் ஒருவர் படுத்தால் தவணை நிற்கும். இதைப் பார்த்துவிட்டு அப்படியே செய்ய நினைப்பவர்கள் இந்த ஓர் இடத்தில் மட்டும் இவர்களைப் பின்பற்றாமல், இருவர் பேரிலும் மருத்துவக் காப்பீடும் கடனுக்கு ஈடான ஆயுள் காப்பீடும் எடுத்துவிட்டுப் போவது நல்லது.

2021 அக்டோபரில் ரஷ்யா போனார்கள். 26ஆவது நாடு. மாதக் கடைசியில் கொச்சி திரும்பினார்கள். அதற்குப் பிறகு மூன்று வாரம்தான் விஜயன் இருந்தார். 2007இல் கடன் வேண்டாம், சேர்த்துவைத்துப் போகலாம் என்று முடிவு செய்திருந்தால், ஒவ்வொரு பயணமும் மூன்று ஆண்டு பின்னால் தள்ளிப்போயிருக்கும். கடைசிப் பயணம் நடந்தே இருக்காது. மேலே போட்ட வட்டிக் கணக்கை இந்தத் தேதியோடு சேர்த்துப் பார்த்த பிறகுதான் கடன் விஷயத்தில் என் கருத்து உறுதியானது.

இனி இவரைப் பற்றி எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். "மனைவியுடன் உலகம் சுற்றிய டீக்கடைக்காரர்" என்றே இன்றும் எழுதுகிறார்கள். கடையில் பாதி வேலை மோகனாவுடையது, அந்த 300இல் 150 அவருடையது, தவணையிலும் பாதி அவருடையது. "ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸை நடத்திய விஜயன், மோகனா" என்று இரண்டு பெயரையும் கடையின் பெயரோடு முதலில் எழுதுங்கள். நாடுகளின் எண்ணிக்கை இரண்டாவது வரியில் வரட்டும்.